நூலகம் தளத்தில் ‘சுதந்திரன்’: வன்னி வாசிகசாலையிலிருந்து ஒரு மதிப்பீடு

ஈழத்துத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் மின்வருடி, உலகில் எவரும் கட்டணமின்றி வாசிக்கும்படி தந்துவரும் நூலகம் இணையத்தளம் 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதில் உள்ள நூல்களையும் சிற்றிதழ்களையும் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். அதன் பழைய பத்திரிகைத் தொகுப்பைப் பற்றி, அதிலும் வன்னியில் இருந்துகொண்டு அதைப் பயன்படுத்துகிறவர்களின் நிலையில் நின்று எழுதப்பட்டவை குறைவு. கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலைய வாசிகசாலையைப் பார்த்துக்கொள்பவர்களில் ஒருவன் என்ற முறையில், சா. ஜே. வே. செல்வநாயகம் தொடக்கி நடத்திய ‘சுதந்திரன்’ பத்திரிகையை அத்தளத்தின் வழியாக வாசித்ததையும், எங்கள் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுத்ததையும் வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தந்தை செல்வா என்று அழைக்கப்படும் செல்வநாயகத்தின் தொழில் வாழ்க்கையை மேடைப் பேச்சுகளுக்கு அப்பால் அறிய விரும்பும் ஒருவருக்கு வன்னியில் இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் அந்த வழியில் போவதற்குக் கொஞ்சம் பொறுமையும், நல்ல அச்சுப்பிரதி எடுத்துத் தரும் கடையொன்றும் வேண்டும்.

வன்னிக்கு இச்சேவை ஏன் வேறெந்த இடத்தையும்விடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை, கிளிநொச்சியிலிருந்து பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்துகொண்டே போய் முள்ளிவாய்க்காலில் முடிந்த அந்தப் பயணத்தில், சனங்கள் கையோடு கொண்டுபோனவை அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளும்தான். பரணில் கட்டி வைத்திருந்த பழைய பத்திரிகைக் கட்டுகளை எவரும் தூக்கிக்கொண்டு போகவில்லை, போகவும் முடியாது. மனிக்பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது பல வீடுகளுக்குக் கூரையே இருக்கவில்லை. வாசிகசாலைகளின் கதையும் அதுதான். எங்கள் வாசிகசாலையில் இன்று இருக்கும் அச்சுப் பத்திரிகைகள் அனைத்தும் மீள்குடியேற்றத்திற்குப் பின் வந்தவை. ஆகவே 1947இலோ 1956இலோ வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பக்கத்தை இந்த மண்ணில் ஒரு மாணவி பார்ப்பதென்றால், அது அநேகமாகத் திரையில்தான் நடக்கும்.

செல்வநாயகத்தின் வாழ்க்கை வழக்கமாகச் சொல்லப்படும் முறையை நாம் எல்லோரும் அறிவோம். 1898 மார்ச் 31 அன்று மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். தெல்லிப்பழையில் வளர்ந்து, யூனியன் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும் கொழும்பு பரி. தோமையார் கல்லூரியிலும் படித்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டத்தை 1918இல் பெற்றார். சில காலம் ஆசிரியராக இருந்துவிட்டுச் சட்டம் படித்து அப்புக்காத்து ஆனார். அளப்பரிய குரல் வளமோ மேடை ஆவேசமோ இல்லாத அந்த மனிதர் சிவில் வழக்குகளில் கவனத்தாலும் நிதானத்தாலும் பெயரெடுத்து, கியூ.சி. (மகாராணியின் வழக்கறிஞர்) என்று எல்லோரும் மரியாதையோடு சொல்லும் தகுதி வரை உயர்ந்தார். 1947இல் காங்கேசன்துறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர், 1949இல் தமிழரசுக் கட்சியின் நிறுவுநர், 1957இலும் 1965இலும் இரண்டு பிரதமர்களோடு ஒப்பந்தம் செய்தவர், 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின்போது தலைமையில் இருந்தவர், 1977 ஏப்ரல் 26 அன்று மறைந்தவர். ஆண்டுதோறும் ஏப்ரல் மாத நினைவுக் கூட்டங்களில் இவ்வளவும் சொல்லப்படும். பத்திரிகை நடத்தியதற்கு மட்டும் ஒரு வரி கிடைக்கும். சில கூட்டங்களில் அதுவும் கிடைக்காது.

நூலகம் தளத்தில் ‘சுதந்திரன்’ இதழ்களைத் திகதி ஒழுங்கில் திறந்து பார்க்கிற எவருக்கும் அந்த ஒற்றை வரி எவ்வளவு போதாதது என்று விரைவிலேயே தெரிந்துவிடும். ‘சுதந்திரன்’ 1947 ஜூன் மாதத்தில் வெளிவரத் தொடங்கியது. அவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவான தேர்தல் அதற்குப் பிறகுதான் நடந்தது. தமிழரசுக் கட்சி கொழும்பு மருதானையில் தொடங்கப்பட்டது 1949 டிசம்பர் 18 அன்று. அதாவது பத்திரிகை கட்சியைவிட இரண்டரை ஆண்டு மூத்தது. பின்னாளில் கட்சியின் குரலாக அறியப்பட்ட அந்த ஏடு, கட்சி என்று ஒன்று இல்லாத காலத்தில், அவர் இன்னும் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசில் இருந்தபோதே தொடங்கிவிட்டது. தொழிலில் நன்றாக உழைத்துக்கொண்டிருந்த ஒரு சட்டத்தரணி, தேர்தலில் நிற்பதற்கு முன்னரே தன் பணத்தையும் பெயரையும் ஓர் அச்சுக்கூடத்தில் இட்டார் என்பது, அவர் அரசியலை எப்படி விளங்கிவைத்திருந்தார் என்பதற்குப் பெரிய சான்று. வழக்கை நீதிமன்றத்தில் வைப்பதற்கு முன் எழுத்தில் ஒழுங்காகத் தயாரிக்கிற பழக்கம் அவரிடம் இருந்தது; மக்கள் முன் வைக்கும் வழக்குக்கும் அதையே செய்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தத் தொகுப்பின் பெறுமதி மிகக் கூடுதலாகத் தெரிவது 1952க்கும் 1956க்கும் இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றி யோசிக்கும்போது. 1952 தேர்தலில் காங்கேசன்துறையில் செல்வநாயகம் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். கட்சிக்குக் கிடைத்தவை கோப்பாயும் திருகோணமலையுமாக இரண்டே ஆசனங்கள். தலைவர் பாராளுமன்றத்துக்கு வெளியே இருந்த அந்த நான்கு ஆண்டுகளில் ஹன்சாட் பதிவுகளை எவ்வளவு புரட்டினாலும் உறுப்பினராக அவர் குரலைக் கேட்க முடியாது. அடுத்த தேர்தலில் அதே கட்சி பத்து ஆசனங்களுடன் திரும்பி வந்தது. இடையில் நடந்தது என்ன, தோற்றுப்போன ஒரு சிறிய கட்சி எப்படித் தன்னைத் தக்கவைத்துக்கொண்டது என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர் கூட்ட அறிவித்தல்களையும் பேச்சுகளின் விரிவான பதிவுகளையும் ஆசிரியத் தலையங்கங்களையும் தவிர வேறெங்கே போவார்? 1956 தேர்தலில் எழுந்த ‘சிங்களம் மட்டும்’ கோஷம் தமிழர் வாக்குகளை அந்தப் பக்கம் தள்ளியது என்று பாடநூல் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் தள்ளப்பட்ட வாக்குகள் வந்து சேர்வதற்கு ஓர் இடம் முன்பே கட்டப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அந்த இடத்தைக் கட்டியதில் வாராவாரம் ஊர்களுக்குப் போய்ச்சேர்ந்த அச்சுத்தாளின் பங்கு பெரிது என்பதே இந்த வாசிப்பில் நான் அடைந்த முடிவு.

இன்னொரு விடயம் வன்னி வாசகர்களுக்கு மிக நெருக்கமானது. பத்திரிகையின் தொடக்க ஆசிரியராக இருந்தவர் கோ. நடேசையர், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, மலையகத் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய முன்னோடி, சட்டசபைகளில் அவர்களுக்காகப் பேசியவர். அவர் 1947ஆம் ஆண்டு முடிவதற்குள் காலமாகிவிட்டார். அடுத்த ஆண்டில் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கேள்வியில்தான் செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் ஆகியோர் பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்தார்கள். யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி ஒருவர் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமைக்காகத் தன் கட்சியை உடைத்தார் என்பது பலருக்குத் திடீர் முடிவாகத் தெரிகிறது. அவர் பத்திரிகைக்கு யாரை ஆசிரியராக வைத்தார் என்று பார்த்தால் அது திடீர் முடிவல்ல என்று விளங்கும். கிளிநொச்சியின் பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும், வவுனியாவின் எல்லைக் கிராமங்களிலும் இன்று வாழும் குடும்பங்கள் பலவற்றின் மூத்தோர் 1977 வன்செயலுக்குப் பின்னும் அதற்கு முன்னும் மலையகத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகளில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தங்கள் பாட்டன் பாட்டியின் வழக்கைப் பேசிய ஏடு இது என்று அறிந்தபின், அவர்கள் இப்பக்கங்களை வாசிக்கும் விதமே மாறிவிடுகிறது.

இனி, சேவை எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றி. ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. அதில் நூலக எண், வெளியீட்டுத் திகதி, மொழி, பக்க எண்ணிக்கை ஆகியவை தரப்பட்டிருக்கும். ‘வாசிக்க’ என்ற தலைப்பின் கீழ் பிடிஎஃப் கோப்பின் இணைப்பும், அதன் பருமன் எத்தனை எம்பி என்ற குறிப்பும் இருக்கும். இந்தப் பருமன் குறிப்பு ஒரு சின்ன விடயம்போலத் தெரியலாம். டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. தரவிறக்கும் முன்பே இது கைத்தொலைபேசிக்குத் தாங்குமா, அல்லது பட்டணத்துக்குப் போகும் நாளுக்கு வைத்துக்கொள்வதா என்று தீர்மானித்துக்கொள்ளலாம். பத்திரிகைகளின் பெயரோடு ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் திகதி இடப்பட்டிருப்பதால் வரிசை குழம்பாது. ஆளுமைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. நினைவு மலர்களுக்கும் தனிப் பகுப்பு இருக்கிறது. செல்வநாயகத்தைத் தேடுகிறவர்கள் ஒரே பெயரோடு நின்றுவிடாமல், முன்னெழுத்துகளை சா. ஜே. வே. என்றும் எஸ். ஜே. வி. என்றும், பின்னர் தந்தை செல்வா என்றும் மாற்றி மாற்றித் தேடுவது நல்லது. பழைய வெளியீடுகள் அவரை ஒவ்வொரு விதமாகக் குறிக்கின்றன.

அதேபோல, ‘சுதந்திரன்’ ஆசிரியராக நெடுங்காலம் இருந்த எஸ். டி. சிவநாயகத்தையும், 1980களின் தொடக்கத்தில் ‘சற்றர்டே ரிவியூ’ என்ற ஆங்கில வார ஏட்டை நடத்திய எஸ். சிவநாயகத்தையும் பலர் ஒருவரென்றே எண்ணிக்கொள்கிறார்கள். முன்னவர் பின்னாளில் ‘தினபதி’யின் ஆசிரியர். இருவரும் வேறுவேறு மனிதர்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடி இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்ட பாடசாலைக் கட்டுரைகள் என் கைக்கு வந்திருக்கின்றன. ‘சுதந்திரனி’ன் பிற்காலத்து இதழ்களில் வரும் கோவை மகேசனின் எழுத்து, சிவநாயகத்தின் எழுத்தைவிடச் சூடானது, இளைஞர்கள் கட்சியை முந்திக்கொண்டு போகத் தொடங்கிய காலத்தின் தொனி அது. செல்வநாயகத்தின் நிதானமும் அவரது பத்திரிகையின் வேகமும் ஒன்றாகவே இருந்தன என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு காலத்து இதழ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பல நூல்களுக்கு எழுத்துணரியாக்கப் பிரதியையும் தளம் இணைத்துள்ளது. பழைய பத்திரிகைப் பக்கங்களைப் பெரும்பாலும் படமாகவே பார்க்க வேண்டியிருக்கும். ஒரு சொல்லைத் தட்டச்சிட்டு அது வரும் வரிக்குத் தாவுகிற வசதியை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஈய அச்செழுத்துத் தேய்ந்துபோன தாளில், பின்பக்கத்து மை முன்பக்கம் ஊறித் தெரியும் இடங்களை எந்த மென்பொருளும் சரியாக வாசிக்காது. கண்ணால்தான் வாசிக்க வேண்டும். இது ஒரு வகையில் நல்லது என்றே சொல்வேன். தேடிய செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், அதற்குப் பக்கத்தில் வந்த கூட்ட அறிவித்தலையும் விளம்பரத்தையும் மரண அறிவித்தலையும் சேர்த்து வாசிக்கிறோம். அப்போதுதான் அந்தக் காலம் விளங்குகிறது.

உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் ஒரு பிள்ளையோடு அமர்ந்து வாசித்தபோது வந்த தடை நான் எதிர்பாராதது. பழைய அச்சில் ‘லை’, ‘னை’, ‘ணை’ ஆகியவை மேலே தும்பிக்கைபோல வளைந்த கொம்போடு இருக்கும். ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவையும் தனி வடிவத்தில் ஒரே எழுத்தாகச் சுருண்டிருக்கும். இன்றைய பாடநூலில் வளர்ந்த பிள்ளைக்கு அவை பழக்கமில்லை. ‘விடுதலை’ என்ற சொல்லின் கடைசி எழுத்தில் அவளுடைய விரல் நின்றுவிட்டது. வாசிகசாலைக்கு வழமையாக வரும் முதியவர் ஒருவர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையைப் பெரிதாக்கச் சொல்லி, ஒரு பத்தியை உரத்து வாசித்துக் காட்டினார். அதன் பிறகு அவளுக்குத் தடை இருக்கவில்லை. பழைய எழுத்து வடிவங்களையும் இன்றைய வடிவங்களையும் எதிரெதிரே எழுதிய ஒரு தாளை இப்போது கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு இந்த இதழ்களைக் கொடுக்க நினைக்கும் ஆசிரியர்கள் அப்படி ஒரு தாளை முதலிலேயே தயாரித்துக்கொள்ளட்டும்.

குறைகளில் பெரியது தளத்துக்கு வெளியே, எங்கள் பக்கத்தில் இருக்கிறது. கிராமத்துக்குள் சிக்னல் பிற்பகலில் படுத்துவிடும். பெரிய கோப்பு பாதியில் நின்றுவிடும். விடியற்காலையில் தரவிறக்கிப் பென்டிரைவில் சேர்த்துவைப்பதே எங்களுக்குச் சரிவந்த முறை. அச்சிடுவது அதைவிடச் சிரமமாக இருந்தது. பட்டணத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்தபோது, அகலப் பத்திரிகைப் பக்கத்தை ஏ4 தாளில் அடக்கி, இருட்டடித்து, ஓரத்துப் பத்தியின் பாதியையும் வெட்டித் தந்தார்கள். எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது, காசு மட்டும் முழுதாக எடுக்கப்பட்டது. பிறகு வேறொரு கடையில் ஏ3 தாளில், கறுப்பைக் குறைத்து, ஒரு பக்கத்தை மேல்பாதி கீழ்பாதி என்று இரண்டாகப் பிரித்து அச்சிட்டு, துணிமுதுகு வைத்துக் கட்டித் தந்தார்கள். அந்தக் கட்டுத்தான் இன்று வாசிகசாலை மேசையில் இருக்கிறது. அச்சிடப் போகிறவர்கள் முதலில் ஒரு பக்கத்தை மட்டும் அடித்துப் பார்த்து, மிகச் சிறிய எழுத்தைக் கடையில் வைத்தே வாசித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதே புத்தி.

வன்னியைப் பற்றிய செய்தியை இந்த ஏட்டில் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இது ஒரு தலைவரின் ஏடு. பிறகு ஒரு கட்சியின் ஏடு. 1947இலிருந்து வவுனியாத் தொகுதியைப் பிரதிநிதித்துவம் செய்த சி. சுந்தரலிங்கம், ஒக்ஸ்போர்டில் கணிதம் படித்த பேராசிரியர், அவரும் அப்புக்காத்து, டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராக இருந்து குடியுரிமைப் பிரச்சினையில் விலகியவர். செல்வநாயகத்தோடு ஒத்துப்போகாமலே தமிழர் அரசியல் செய்த அந்த மனிதரைத் தமிழரசுக் கட்சியின் ஏட்டை மட்டும் வைத்து அளந்தால் நியாயமாகாது. 1970இல் கிளிநொச்சியில் தமிழ்க் காங்கிரஸ் வென்றது, அதுவும் வீ. ஆனந்தசங்கரி என்ற சட்டத்தரணியால், என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வன்னி ஒருபோதும் ஒரே கட்சியின் சொத்தாக இருந்ததில்லை. வாசிகசாலைகளில் ‘சுதந்திரனை’க் கட்டி வைப்பவர்கள் அதே காலத்து ‘வீரகேசரி’, ‘தினகரன்’ பக்கங்களையும் கிடைத்தவரை பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘தினகரன்’ வெளிவந்த லேக் ஹவுசை நிறுவிய டி. ஆர். விஜேவர்தனவும் இங்கிலாந்தில் சட்டம் படித்தவர்தான். ஆனால் அவருக்குப் பத்திரிகை பெருந்தொழிலாக வளர்ந்தது. செல்வநாயகத்துக்கு அது கடைசிவரை ஒரு வழக்கின் ஆவணமாகவே இருந்தது.

அவருடைய இறுதி ஆண்டுகளை வாசிக்கும்போது இதை மிகத் தெளிவாக உணரலாம். 1972 ஒக்டோபரில், புதிய அரசியலமைப்பை எதிர்த்து அவர் தன் ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தல் வைத்து மக்கள் கருத்தை அறியும்படி அரசாங்கத்துக்குச் சவால் விட்டார். அந்த இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6 வரை நடத்தப்படவில்லை. நடந்தபோது கம்யூனிஸ்ட் கட்சியின் வ. பொன்னம்பலத்தை 16,000க்கும் கூடுதலான வாக்குகளால் வென்றார். நடுக்குவாத நோயால் உடல் தளர்ந்து, காது மந்தமாகி, குரலும் மெலிந்துபோயிருந்த அந்த நிலையில், 1976இல் அ. அமிர்தலிங்கம் முதலானோருக்கு எதிரான வழக்கில் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தோடு ஒரே பக்கத்தில் சட்டத்தரணியாகத் தோன்றினார். 1948இல் பிரிந்த இருவர் ஒரே மேசையில். அரசியலில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தும் அவர் தன்னை முதலில் சட்டத்தரணியாகவே கருதினார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1947இன் முதல் இதழிலிருந்து வரிசையாகப் போக வேண்டியதில்லை. பொதுத் தேர்தல்களை ஒட்டிய மாதங்களையும், 1957 ஜூலை 26 அன்று பிரதமர் பண்டாரநாயக்கவோடு கைச்சாத்தான பண்டா–செல்வா ஒப்பந்தத்தை ஒட்டிய வாரங்களையும், அது 1958 ஏப்ரலில் கைவிடப்பட்ட காலத்தையும், 1961 சத்தியாக்கிரக மாதங்களையும் தொகுப்பில் கிடைப்பதைப் பொறுத்துத் தெரிவுசெய்துகொள்ளலாம். சத்தியாக்கிரகம் யாழ்ப்பாணக் கச்சேரி (அரசாங்க அதிபர் அலுவலகம்) வாசலோடு நிற்கவில்லை; வவுனியாக் கச்சேரிக்கு முன்னாலும் நடந்தது என்பதை எங்கள் மாணவர்கள் முதலில் அறிய வேண்டும்.

தொகுப்பில் எல்லா இதழ்களும் இல்லை, இருக்கவும் முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டன. அதன் பின் வந்த போர் மிச்சத்தையும் தின்றது. ஆனால் வன்னிக்கு வெளியே, கொழும்பிலோ மட்டக்களப்பிலோ புலம்பெயர் நாடுகளிலோ, யாரோ ஒருவரின் தந்தையார் கட்டிவைத்த ‘சுதந்திரன்’ கட்டு இன்னும் ஓர் அலுமாரியில் இருக்கக்கூடும். அப்படி வைத்திருப்பவர்கள் தாள் நொறுங்குவதற்கு முன் நூலகம் நிறுவனத்தோடு தொடர்புகொண்டு மின்வருடக் கொடுக்கும்படி வேண்டுகிறேன். 1952 முதல் 1956 வரையான இதழ்கள் எவரிடமாவது இருந்தால், அவற்றை முதலில் கொடுங்கள்.